கூலியில் விளைந்த செல்வம்

பெங்களூரின் அடுகோடியில் வாழும் முதியவர்களுக்கு ‘மைக்கோ’ என்ற பெயர் நன்கு பழகியது. மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. 1951-இல் தோன்றிய அந்த நிறுவனம் அடுகோடியில் ஆலை அமைத்து ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்புகளையும் உற்பத்தி செய்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. பின்னர் உற்பத்தி பிடதிக்கு இடம்பெயர்ந்தது. 2022-இல் பழைய வளாகம் புதுக் கட்டிடங்களுடன் தொழில்நுட்ப மையமாகத் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மைக்கோ லேஅவுட் மட்டும் பழைய பெயரை இன்னும் விடவில்லை.

பாஷ் என்ற அந்தப் பெயருக்கு உரியவரான ராபர்ட் பாஷ் அடுகோடியைக் கண்டவர் அல்லர். அங்கே ஆலை எழுவதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆனால் பணத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. செல்வம் பெருகிய பின் அதில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கு நல்ல கூலியாகத் தரலாம் என்பதே அவர் காலத்து முதலாளிகளில் நல்லவர்களின் எண்ணம். பாஷ் அதைத் தலைகீழாகக் கண்டார். நல்ல கூலி முன்னே செல்ல, செல்வம் அதன் பின்னே வருகிறது என்று நம்பினார்.

1861 செப்டம்பர் 23 அன்று, ஜெர்மனியின் உல்ம் நகருக்கு அருகே ஆல்பெக் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் பதினோராமவர். தந்தை நிலமும் விடுதியும் உடையவர், நன்கு படித்தவர். ராபர்ட் நுண்கருவித் தொழில் பயின்று, அமெரிக்காவுக்குச் சென்று எடிசனின் தொழிற்சாலையிலும், பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் நிறுவனத்திலும் கூலிக்கு வேலை செய்தார். பிறர் தரும் கூலியில் வாழ்வது எப்படி என்பதை முதலாளியாகும் முன்பே அவர் அறிந்திருந்தார். இதைச் சிறு செய்தியாகக் கருதிவிடக் கூடாது.

1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட்டில் அவர் பட்டறை திறந்தார். உடன் இருந்தவர்கள் ஒரு மெக்கானிக்கும் ஓர் எடுபிடிப் பையனும் மட்டுமே. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் கிடைத்த 10,000 மார்க் முதலாயிற்று. தொலைபேசி பொருத்துவது, மின்மணி அமைப்பது என்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். மறு ஆண்டு ஒரு வாடிக்கையாளர், எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் மாக்னெட்டோ கருவி ஒன்றைக் கேட்டார். டாய்ட்ஸ் என்ற நிறுவனத்தில் அத்தகைய கருவி இருந்தது. அதற்குக் காப்புரிமை உண்டா என்று விசாரித்து, இல்லை எனத் தெளிந்த பிறகே பாஷ் அதைத் திருத்தமான வடிவில் செய்து கொடுத்தார்.

நல்ல எண்ணம் உடனே பணமாகிவிடவில்லை. முதல் பத்தாண்டுகள் தொல்லையிலேயே கழிந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலை குறைந்தபோது ஆட்களில் பெரும்பாலோரை அவர் நீக்க நேர்ந்தது. உறவினர்களின் உதவியால்தான் பட்டறை பிழைத்தது. மனப்பாங்கு சரியாக இருந்தால் செல்வம் தானே ஓடிவரும் என்று இன்று எளிதாகப் பேசுகிறார்கள். பாஷின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனம் என்ற காலத்தின் வாய்ப்பும் வர வேண்டியிருந்தது. 1897-இல் மாக்னெட்டோ ஒரு மோட்டார் மூன்றுசக்கர வண்டியில் பொருத்தப்பட்டது. 1902-இல் அவரிடம் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். வாய்ப்பு வந்தபோது பாஷின் தரத்தை நம்பலாம் என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்திருந்தது. வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழப்பதைவிடப் பணத்தை இழப்பது மேல் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1906-இல், நூறாயிரமாவது மாக்னெட்டோ வெளிவந்த ஆண்டில், அவர் எட்டு மணி நேர வேலையை அறிமுகம் செய்தார். அதைவிட நீண்ட வேலைநாளே அக்காலத்து வழக்கம். பிற முதலாளிகள் அவரைச் ‘சிவப்பு பாஷ்’ என்றனர். அவருடைய ஏற்பாட்டில் கருணையோடு கணக்கும் இருந்தது. இரண்டு முறைப் பணியால் இயந்திரங்கள் பதினாறு மணி நேரம் ஓடின. களைப்படையாத கைகள் பிழையின்றி வேலை செய்தன. இதே மனிதர் தரையில் கிடந்த காகிதக் கவ்வி ஒன்றை எடுத்துக் காட்டி, இது என்ன என்று ஊழியரைக் கேட்டாராம். கவ்வி என்று பதில் வந்ததும், இல்லை, அது தம்முடைய பணம் என்று திருத்தினாராம். கூலியில் தாராளமும் கவ்வியில் சிக்கனமும் அவருக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. வீணாவது வேறு, கொடுப்பது வேறு.

1913-இல் அவருடைய தொழிலாளரே வேலைநிறுத்தம் செய்தனர். நன்றியை எதிர்பார்த்த மனம் புண்பட்டது. அதுவரை விலகியிருந்த முதலாளிகள் சங்கத்தில் அவர் சேர்ந்தார். ஆயினும் எட்டு மணி நேர வேலையைத் திரும்பப் பெறவில்லை. அவருடைய நம்பிக்கைக்கு உண்மையான சோதனை அதுதான். நன்றிக்காகக் கொடுத்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பார்.

முதல் உலகப் போரில் ஈட்டிய லாபத்தைத் தம்முடையதாக வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1916-இல் நெக்கர் ஆற்றைக் கப்பல் செல்லும் வழியாக்கும் பணிக்காக 13 மில்லியன் மார்க் அளித்தார். 1921-இல் மகன் ராபர்ட், நெடிய நோய்க்குப் பின் இளவயதில் இறந்தார். 1936-இல் ஸ்டுட்கார்ட்டில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார்.

இறுதி ஆண்டுகளில் ஒரு நிழல் படிந்தது. ஹிட்லரின் ஆட்சியை அவர் வெறுத்தார். ஆட்சியை எதிர்த்த கார்ல் கோர்டெலருக்கு நிறுவனத்தில் இடம் தந்தார். யூதர்கள் பலருக்கு அவரது நிறுவனம் உதவியது. அதே நிறுவனம் போர்க்கருவிகளுக்கான பாகங்களையும் செய்தது. அயல்நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட பல்லாயிரம் பேர் போர்க்காலத்தில் அங்கே உழைத்தனர். கூலியைச் செல்வத்தின் ஊற்றாகக் கண்டவரின் பெயர் தாங்கிய ஆலையில், வேலையை மறுக்கும் உரிமைகூட இல்லாதவர்கள் நின்றனர். அவர் வரலாற்றை எழுதுவோர் இதை மறைக்க இயலாது.

1942 மார்ச் 12 அன்று பாஷ் காலமானார். சொத்து பொதுநலனுக்குப் பயன்பட வேண்டும் என்று உயிலில் வழி காட்டியிருந்தார். அதன்படி 1964-இல் வாரிசுகளின் பங்குகளில் பெரும்பகுதி அறநிறுவனத்திடம் சேர்ந்தது. இன்று தாய் நிறுவனத்தின் மூலதனத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அந்த அறநிறுவனத்தின் வசம் உள்ளது. நிறுவனத்தை நடத்துவதற்கான வாக்குரிமை அதனிடம் இல்லை, வேறொரு பொறுப்புக் குழுவிடம் இருக்கிறது. தாய் நிறுவனம் தரும் லாபப் பங்கிலிருந்து அறநிறுவனம் ஸ்டுட்கார்ட் மருத்துவமனைக்கு உதவுகிறது. தாய் நிறுவனத்துக்குச் சேரும் வருவாயில் இந்தியாவில் ஈட்டியதும் அடங்கும்.