கஞ்சன் என்று பெயர் வாங்கிய கலைஞர் சர் ஹாரி லாடர்

எல்லா ஊரிலும் கஞ்சன் ஜோக் உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்த ஜோக்கில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பிரிட்டனின் வடபகுதியான ஸ்காட்லாந்தில் பிறந்தவர் காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பார் என்பது அங்கே நெடுநாளைய கேலி. அந்தக் கேலியைத் தானே மேடையேற்றி உலகம் முழுவதும் பரப்பியவர் ஹாரி லாடர். இன்று ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாளாக நின்று அரங்கத்தைச் சிரிக்கவைக்கும் 'ஸ்டாண்ட்-அப்' கலைஞர்களுக்கு அவர் முன்னோடி. அந்தப் பெயரெல்லாம் வராத காலத்தில், மைக்கும் இல்லாமல் அதைச் செய்தவர்.

நம் குடியிருப்பில் நகைச்சுவை ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களிலும் லாடரின் கதை தெரிந்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். அதனால் இந்த இதழில் அவரைப் பற்றி.

ஹாரி லாடர் 1870 ஆகஸ்ட் 4 அன்று எடின்பரோ நகரை ஒட்டிய போர்ட்டபெல்லோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை மண்பாண்டக் கலைஞர். ஏழு குழந்தைகளில் ஹாரிதான் மூத்தவர். 1882-ல் தந்தைக்கு இங்கிலாந்தில் டெர்பிஷையர் பகுதியில் பீங்கான் வடிவமைக்கும் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போனது. அதே ஆண்டிலேயே அவர் நிமோனியா காய்ச்சலில் இறந்துவிட்டார். தாய் கைக்கு வந்த ஆயுள் காப்பீட்டுத் தொகை 15 பவுண்டு. ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊருக்கு, தன் சொந்தக்காரர்களிடம் திரும்பினார்.

பதினோரு வயது ஹாரி அங்கே ஒரு நார் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். பாதி நேரம் ஆலை, பாதி நேரம் பள்ளிக்கூடம். கூலி வாரத்துக்கு 2 ஷில்லிங் 1 பென்னி. அந்தக் காலக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வங்கியில் வேலை பார்த்த பழக்கம், நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தந்தையின் உயிருக்கு ஈடாக வந்த அந்த 15 பவுண்டைச் சம்பாதிக்க அந்தப் பையன் கிட்டத்தட்ட 144 வாரம் ஆலைக்குப் போக வேண்டும். இரண்டே முக்கால் வருஷம்!

1884-ல் குடும்பம் ஹாமில்டன் என்ற சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஹாரி நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். வாரம் 10 ஷில்லிங். சுமார் பத்தாண்டு காலம் அவருக்குச் சுரங்கம்தான் வாழ்க்கை. வேலை நேரத்தில் கூட இருந்தவர்களுக்குப் பாடிக் காட்டுவார். அவர்கள்தான் அவருடைய முதல் ரசிகர்கள். மேடையில் போய்ப் பாடு என்று உசுப்பிவிட்டவர்களும் அவர்களே. லார்க்ஹால் என்ற ஊரில் பாடியதற்கு 5 ஷில்லிங் கிடைத்தது. பாட்டுக்கு அவர் வாங்கிய முதல் காசு அது.

1891-ல் ஹாமில்டனில் ஆன் வாலன்ஸ் என்ற பெண்ணை மணந்தார். எல்லாரும் அவரை நான்ஸ் என்று அழைத்தார்கள். அவர் ஒரு சுரங்க மேலாளரின் மகள். ஒரே மகன் ஜான்.

அந்த நாளில் பிரிட்டனில் சாமானிய மக்களின் பொழுதுபோக்கு 'மியூசிக் ஹால்'. ஒரே மாலையில் பாட்டு, நடனம், வித்தை, வேடிக்கைப் பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிளாஸ்கோ நகரில் இப்படி ஒரு அரங்கை நடத்திவந்தவர் திருமதி பேலிஸ் என்ற அம்மையார். வாரம் ஒருநாள், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பார்க்கலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார். அந்த இரவுகளில்தான் லாடர் தேறினார். ஊர் ஊராகச் சுற்றும் குழுவோடு போய் அனுபவம் பெறுங்கள் என்று புத்தி சொன்னவரும் அந்த அம்மையார்தான். அதைக் கேட்டுச் சுரங்கத்தை விட்டார்.

1900 மார்ச்சில் லண்டன் வந்து, வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் இருந்த காட்டி மியூசிக் ஹாலில் மேடையேறினார். முதல் இரவே வெற்றி. லண்டன்காரர்களுக்கு ஸ்காட்லாந்துப் பேச்சு புரியாது. அதனால் ஆங்கிலத்திலேயே பாடினார், உச்சரிப்பை மட்டும் தன் ஊர் உச்சரிப்பாக வைத்துக்கொண்டார். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் 'கில்ட்' என்ற கட்டம் போட்ட பாவாடை, தலையில் தொப்பி, கையில் கோணல்மாணலான ஒரு தடி. இவ்வளவுதான் அலங்காரம். பாட்டைத் தொடங்குவார், நடுவில் நிறுத்திக் கதை பேசுவார், பேசும்போதே தானும் சிரித்துவிடுவார், சபையும் சேர்ந்து சிரிக்கும், மறுபடி பாட்டுக்குப் போவார். பாடல்களில் பலவற்றை அவரே எழுதினார். 1905-ல் கிளாஸ்கோ ராயல் தியேட்டரில் நடந்த நாடகத்துக்காக உருவான 'ஐ லவ் எ லாஸி' என்ற பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

1907-ல் முதல்முறையாக அமெரிக்கா போனார். வாழ்நாளில் அங்கே 22 சுற்றுப்பயணங்கள். தனி ரயிலில் ஊர் ஊராகப் போவார். 1908-ல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முன்னால் பாடினார். 1911 வாக்கில் ஒரு இரவுக்கு 1,000 டாலர் வாங்கினார், உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் மேடைக் கலைஞர் என்று பெயர் பெற்றார். அன்றைய மாற்று விகிதத்தில் ஆயிரம் டாலர் என்பது 200 பவுண்டுக்குச் சற்று மேல். சுரங்கத்தில் சிறுவனாக அவர் வாங்கிய கூலி வருஷத்துக்கு 26 பவுண்டு. அதாவது எட்டு வருஷக் கூலி ஒரே ராத்திரியில்! இசைத்தட்டு விற்பனையில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கலைஞர் என்றும் அவரைச் சொல்வார்கள்.

இத்தனை வந்த பிறகும் மேடையில் அவர் காசைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கஞ்சன்தான். அந்த வேடம் சொந்த வாழ்க்கையிலும் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் அவரைப் பற்றிக் கஞ்சக் கதைகளாக எழுதின. அவரும் மறுக்கவில்லை, ஒவ்வொரு கதையும் ஒரு விளம்பரம் ஆயிற்றே! சொந்த நாட்டிலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஸ்காட்லாந்தின் பெருங்கவிஞர் ஹியூ மெக்டயர்மிட் போன்றவர்கள், நம்மை உலகத்தின் கேலிப்பொருளாக ஆக்கிவிட்டார் என்று அவரைச் சாடினார்கள். அது நியாயமான கோபம்தான். ஆனால் ஒரு விஷயம். வங்கி கவுண்ட்டரில் நான் பார்த்த வரையில், கொடுத்த நோட்டை இரண்டு தரம் எண்ணி வாங்குகிறவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் அல்ல. ஒரு காலத்தில் அந்த நோட்டு இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள் அவர்களில் அதிகம். 15 பவுண்டில் ஏழு பிள்ளைகள் பிழைத்த வீட்டிலிருந்து வந்தவருக்குக் காசின் அருமையை மேடையில் நடித்துக் காட்டப் பெரிய முயற்சி வேண்டியிருந்திருக்காது.

1914 ஆகஸ்ட் 4. அன்று லாடருக்கு 44 வயது நிறைந்தது. அதே நாளில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. குடும்பம் அப்போது ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. கேம்பிரிட்ஜில் படித்த மகன் ஜான் ஏற்கெனவே துணைப்படையில் அதிகாரி. உடனே வரச்சொல்லித் தந்தி வந்தது, அவர் கிளம்பிப் போனார்.

தகப்பனார் சும்மா இருக்கவில்லை. தன் செலவில் ஒரு பைப் வாத்தியக் குழுவை அமைத்து ஸ்காட்லாந்து முழுக்க அனுப்பினார். வாத்தியம் கேட்டுக் கூடுகிற இளைஞர்களைப் படையில் சேர அழைப்பதுதான் நோக்கம். தானும் மேடைகளில் பேசி ஆள் சேர்த்தார். அவருடைய புகழை நம்பி எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. இன்றைக்கு இதைப் படிக்கும்போது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

1916 டிசம்பர் 28 அன்று பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில், பொஸியேர் என்ற இடத்தில் கேப்டன் ஜான் லாடர் கொல்லப்பட்டார். அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1917 ஜனவரி 1 காலையில் லண்டனில் இருந்த தந்தைக்குத் தந்தி வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய கொண்டாட்டமே புத்தாண்டுதான்.

லாடர் அப்போது லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் ஒரு நிகழ்ச்சியின் நாயகர். அவர் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி நின்றால் அதை நம்பியிருந்த கலைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் இல்லை. மூன்று நாள் கழித்து அவர் மேடைக்குத் திரும்பினார். சிரிக்கவைக்கும் பகுதிகளையெல்லாம் செய்தார். அந்த நிகழ்ச்சியில் ஒரு பாட்டு, போரில் வென்று வீடு திரும்பும் பையன்களைப் பற்றியது. அதையும் பாடினார்.

1917 ஜூனில் பிரான்ஸ் போர்முனைக்கே போனார். ஒரு சிறிய பியானோவை மோட்டார் காரோடு பொருத்தி எடுத்துக்கொண்டு, படைவீரர்கள் இருந்த இடங்களுக்கெல்லாம் போய்ப் பாடினார். கூட வந்தவர்கள் ஒரு பாதிரியாரும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, இது பாதிரியார் ஹாரி லாடர் எம்.பி.யின் சுற்றுப்பயணம் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பயணத்தில்தான் ஓவில்லே என்ற இடத்தில் மகனின் கல்லறையை முதன்முதலாகப் பார்த்தார். மண்ணில் விழுந்து அழுதார். பிறகு எழுந்து, அடுத்த முகாமில் காத்திருந்த பையன்களுக்குப் பாடப் போனார்.

அதே ஆண்டில் 'ஹாரி லாடர் மில்லியன் பவுண்டு நிதி' தொடங்கியது. போரில் கை, கால் இழந்து ஊனமுற்றுத் திரும்பும் ஸ்காட்லாந்துப் படைவீரர்களும் மாலுமிகளும் உடல் தேறி, சொந்தக் காலில் நிற்க உதவும் நிதி. பத்து லட்சம் பவுண்டு இலக்கு. உலகமே கஞ்சன் என்று சிரித்த மனிதர் ஊர் ஊராகப் போய், அமெரிக்கா வரை போய், மேடையில் நின்று இந்த நிதிக்காகக் கையேந்தினார். தானே மேடையேறி அழைத்த பையன்கள் அல்லவா அவர்கள்! 1919-ல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது.

மகன் இறந்த துக்கத்திலிருந்து பிறந்த பாட்டு 'கீப் ரைட் ஆன் டு தி எண்ட் ஆஃப் தி ரோட்'. பாதை முடியும் வரை நடந்துகொண்டே இரு என்பதுதான் அதன் கருத்து. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிட்டி கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் இன்றும் மைதானத்தில் இதைப் பாடுகிறார்கள். ஒரு தகப்பனின் துக்கத்தில் பிறந்த பாட்டு அது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1927-ல் மனைவி நான்ஸும் காலமானார். கிளென்பிரான்டர் என்ற இடத்தில், மகனுக்காக எழுப்பிய நினைவுச் சின்னத்தின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். அதன்பின் லாடரைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய உறவுப் பெண். 1930-களின் நடுவில் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்ததும், எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வை விட்டு எழுந்து வந்தார். படைவீரர்கள் முன்னாலும் வானொலியிலும் மறுபடி பாடினார்.

1950 பிப்ரவரி 26 அன்று, ஸ்ட்ரேவன் என்ற ஊரில் இருந்த தன் வீட்டில், 79-வது வயதில் காலமானார். அவரை அடக்கம் செய்தது ஹாமில்டனில், பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கிய அதே ஊரில். எடின்பரோவில் ஒரு சாலைக்கு அவர் பெயர். கிளைகள் முறுக்கிக்கொண்டு வளரும் ஒரு ஹேசல் செடி வகைக்கு 'ஹாரி லாடரின் கைத்தடி' என்று பெயர். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் படத்தைத் தேடிப் பாருங்கள், அந்தக் கோணல் தடி எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துவிடும்.

அவருடைய பழைய இசைத்தட்டுகள் இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒலிப்பதிவு என்பதால் கரகரப்பு இருக்கும். உச்சரிப்பு பாதிதான் புரியும். ஆனால் பாட்டுக்கு நடுவில் அவர் சிரிக்கும் இடம் வரும்போது நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். அந்தத் தகப்பன் பாட்டைக் கடைசியில் கேட்பது நல்லது.