மேரி ஸ்லெஸர் அம்மையார்

மேற்கு ஆப்பிரிக்காவில், இற்றை நைஜீரியா நாட்டின் தென்கிழக்கு மூலையிற் கலபார் என்னும் நகர் உளது. அதற்கப்பால் அடர்ந்த மழைக்காட்டினுள்ளே பள்ளி நடத்திய மாது ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மேரி ஸ்லெஸர் 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேயத்து அபர்தீன் நகரிற் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர், குடிக்கு அடிமையானவர். குடும்பம் டண்டீ நகர்க்குப் பெயர்ந்தது. ஆங்கு மேரி 11-ஆம் வயதிலே நெசவாலையிற் புகுந்து, பாதிநாள் வேலையும் பாதிநாட் கல்வியுமாகக் காலங் கழித்தார். பின்னர் முழுநாளும் தறியின்முன் நின்ற காலத்தும், புத்தகமொன்றைத் தறிமேல் வைத்து இடையிடையே படித்து வந்தார். மேசையும் விளக்கும் போதவில்லையென முறையிடும் நம் விடுதி மாணவர் இதனை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.

ஊதியமின்றிக் கற்பிக்கும் பழக்கம் அவர்க்கு டண்டீயின் ஏழைத் தெருக்களிலேயே தொடங்கிற்று. ஆங்குள்ள ஞாயிறு பாடசாலைக்கு அவர் செல்லுங்கால், முரட்டு இளைஞர் சிலர் வழிமறித்தனர். அவருள் ஒருவன் கயிற்றிற் கட்டிய ஈயக்குண்டை அவர் முகத்தருகே சுழற்றினான். அம்மையார் கண்ணிமையாது நின்றார். குண்டு நெற்றியை அணுக அணுகவும் அவர் அசையாமை கண்டு, அவன் அதனைக் கீழே எறிந்துவிட்டுத் தோழருடன் வகுப்பில் வந்தமர்ந்தான்.

லிவிங்ஸ்டன் மறைந்த செய்தி 1874-இற் பரவியபின், அம்மையார் ஆப்பிரிக்கா செல்லத் தாமே முன்வந்தார். 1876-இற் கலபார் சேர்ந்து, டியூக் டவுன் பள்ளியிற் கற்பித்தார். எஃபிக் மொழியை அந்நாட்டாரே வியக்குமாறு பேசக் கற்றார்.

எனினும் அவருள்ளம் காட்டின்கண்ணதாகிய ஒக்கோயோங் நாட்டையே நாடியது. நச்சவரைக் கொட்டையை உண்பித்துக் குற்றமறியும் வழக்கமும், தலைவர் இறப்பின் அடிமைகளைக் கொல்லும் கொடுமையும் ஆங்கு நிலவின. 1888-இல் ஓடமேறி, கொட்டும் மழையிற் காட்டுவழி நடந்து, வளர்ப்புக் குழந்தைகளுடன் எக்கெங்கே என்னும் ஊரை அடைந்தார். ஆங்கும் அண்மையிலுள்ள இஃபாகோவிலும் பள்ளி தொடங்கினார். முதலிற் கிழவரும் குழவியரும் திரண்டு வந்தனர். புதுமை தீர்ந்தவுடன் கூட்டம் குறைந்தது. எவ்வூர்ப் பள்ளிக்கும் இஃது இயல்பேயன்றோ! அடிமையின் பிள்ளையும் உரிமையுடையான் பிள்ளையும் ஒருங்கிருந்து எஃபிக் எழுத்துப் பயின்றமையே நம்மனோர் கருதத்தக்கது.

இரட்டைப் பிள்ளைகளைத் தீய சகுனமென்று கருதிக் காட்டில் எறிந்துவிடுதலும், தாயை ஊரினின்றும் விலக்குதலும் அந்நாட்டு வழக்கம். செய்தி கேட்டவுடன் அம்மையார் வெறுங்காலுடன் காட்டினூடே ஓடுவார். அங்ஙனம் மீட்ட மக்கள் பலரைத் தம் மண்வீட்டிலேயே வளர்த்தார்.

1892-இல் ஆங்கில அரசினர் அவரைத் துணைத் தூதராக்கி, வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் தந்தனர். பிரம்பும் செங்கோலும் ஒரு கையிற் சேர்தல் தகுமோ என்னும் ஐயம் நமக்குண்டு. அவ்வரசு தன் ஆதிக்கத்தைப் பரப்பவே வந்ததன்றோ? ஆயினும் அதற்கு முன்னரே அம்மக்கள் தம் பூசல்களை அவர்பாற் கொணர்ந்தனர் என்பதை மறத்தற்கில்லை.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. இட்டு முதலிய ஊர்களிற் புதுப் பள்ளிகளை நிறுவினார். காய்ச்சல் பன்முறை வருத்தியும் காட்டை விட்டு நீங்கினாரல்லர். 1915 ஜனவரி 13-ஆம் நாள், உசே என்னும் சிற்றூரில், வளர்ப்பு மகளிர் சூழ உயிர் நீத்தார். அவருடலை ஆற்றுவழியே டியூக் டவுனுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர்.