முக்காலி மேல் நின்றவர்

பிறவியிலேயே இதயம் பழுதுபட்டு, உதடும் நகமும் நீலம் பாய்ந்து வாடும் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் மருந்தே இல்லை. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாததே அந்நீலத்துக்குக் காரணம். மடை அடைபட்ட வயலுக்கு வேறு வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுவதுபோல, அக்குழந்தைகளுக்கு இரத்தம் பாய வழி கண்டவர்களுள் ஒருவர் விவியன் தாமஸ். அவர் மருத்துவர் அல்லர், பட்டதாரியும் அல்லர்.

1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கறுப்பினத் தச்சர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1930-இல் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். மேற்படிப்புக்கென்று சேர்த்த பணமோ வங்கி முறிந்ததில் போயிற்று. அவர் செய்தது ஆராய்ச்சி. சம்பளப் பட்டியலில் அவருக்கு இட்ட பெயர் துப்புரவாளர்!

1941-இல் பிளாலக் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குச் சென்றபோது தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார். நீலக் குழந்தைகளுக்கு வழி காணுமாறு, குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் அம்மையார் வேண்டினார். தாமஸ் சுமார் 200 நாய்களிடம் சோதித்து அச்சிகிச்சையில் தேர்ந்தார். நூலிழை போன்ற குழாய்களைத் தைப்பதற்கு ஏற்ப ஊசிகளையும் தாமே சீர்செய்தார்.

1944 நவம்பர் 29. அய்லீன் என்னும் குழந்தை. இரண்டு வயது நிறையவில்லை. எடை சுமார் 4 கிலோ. கத்தியைப் பிடித்தவர் பிளாலக். அவர் தோளுக்குப் பின்னே ஒரு முக்காலி மேல் நின்று, தையல் தையலாய் வழி சொன்னவர் தாமஸ். கைக்குச் செல்லும் தமனி நுரையீரல் தமனியோடு இணைந்தது, நீலம் குறைந்தது. சில மாதங்களில் அக்குழந்தை மாண்டது உண்மையே. ஆனால் அன்று திறந்த வழி அடைபடவில்லை. அவ்வழியே ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர்.

1945-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பிளாலக், டாசிக் இருவர் பெயரே இருந்தன. தாமஸுக்கு 1976-இல்தான் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. 1985-இல் மறைந்தார். இன்று அச்சிகிச்சையின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வழங்குவோர் பெருகி வருகின்றனர்.

1992-இல் நம் கல்கத்தாவிலேயே, பிறந்து ஒரு மாதமும் நிறையாத சிசுவுக்கு டாக்டர் தேவி ஷெட்டி இதய அறுவை செய்தார். இத்தகைய துணிவுக்கெல்லாம் முன்னே அந்த முக்காலி நிற்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஒரு தாதா உண்டு. நான் இருமுறை கெடுத்த கருவியை நேராக்கித் தந்தவர் அவரே. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர் பெயரை எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை. எழுத நினைத்திருந்தாலும் இயலாது; அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது! நாளை முதல் வேலையாக அதைக் கேட்கப் போகிறேன். தோழர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்து முக்காலி மேல் நிற்பவர் யார்?