சென்னைக்கு மணி சொன்ன வியாழன் நிலாக்கள்

வானத்தில் வெகு தூரத்தில் இருக்கிறது வியாழன் கிரகம். அதன் நிலாக்கள் ஒரு காலத்தில் சென்னைக்கு மணி சொல்லின!

கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை. அந்த மணியைக் கணித்துச் சொன்னவர் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வான சாஸ்திரி.

வீட்டு டெலஸ்கோப்

இது கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட காலத்துக் கதை. 1786-ம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி, எழும்பூரில் சொந்தச் செலவில் சிறிய வான ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். 3 அங்குல டெலஸ்கோப்புகள் இரண்டும், நல்ல கடிகாரங்கள் இரண்டும் வைத்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் கோல்டிங்ஹாம். வயது சுமார் இருபது.

பின்னர் பெட்ரி தன் கருவிகளைக் கும்பினிக்குக் கொடுத்துவிட்டார். கும்பினியின் சர்வேயர் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் அதற்காகக் கட்டிடம் எழுப்பினார். 1792-ல் வேலை முடிந்தது. கருவி அசையாமல் இருக்க 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். அந்தத் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

1796-ல் டாப்பிங் காலமானார். முழுப் பொறுப்பும் கோல்டிங்ஹாமிடம் வந்தது.

கப்பல்கள் பட்ட பாடு

வியாபாரம் செய்ய வந்த கும்பினிக்கு நட்சத்திரங்கள் எதற்கு? காரணம் பயம்தான்! கரையும் பாறையும் எங்கே இருக்கின்றன என்று சரியாகக் காட்டும் வரைபடம் இல்லை. கப்பல்கள் தரை தட்டி உடைந்தன. ஆளும் போனார்கள், சரக்கும் போயிற்று.

ஓர் ஊர் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு அறியலாம். கிழக்கு மேற்கு அளவுதான் கஷ்டம்.

சென்னையில் பொழுது முன்னதாக விடிகிறது. லண்டனில் பின்னால் விடிகிறது. இரண்டு ஊர் மணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் போதும். 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு லண்டன் மணியை அறிவது எப்படி? அன்று தந்தி இல்லை, ரேடியோவும் இல்லை.

வானத்துக் கடிகாரம்

அதற்கு வழி வியாழனிடம் இருந்தது. 1610-ல் இத்தாலி நாட்டுக் கலிலியோ, வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் உள்வட்டத்தில் ஓடுவது அயோ. அது சுமார் 42½ மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலில் புகுந்து மறைகிறது. இது ஒரு கிரகணம்.

இந்தக் கிரகணம் சென்னையிலிருந்து பார்த்தாலும், லண்டனை அடுத்த கிரீனிச்சிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் தெரியும். நிலா மறையும்போது சென்னைக் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே கிரகணத்துக்குரிய கிரீனிச் மணியைக் கழிக்க வேண்டும். விடை வந்துவிடும்!

சொல்வது எளிது, செய்வது அப்படி அல்ல. மேகம் மூடினால் அந்த இரவு வீண். கிரீனிச் கணக்குகள் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். போதாக்குறைக்கு, நிலா சட்டென்று மறைவதில்லை. மெல்ல மெல்ல மங்குகிறது. மறைந்த விநாடி எது என்று சொல்வது கண்ணுக்குப் பெரும் சோதனை.

எனவே ஒரு கிரகணத்தை நம்ப முடியாது. கோல்டிங்ஹாம் ஆண்டுக்கணக்கில் பார்த்தார், பார்த்ததை எல்லாம் குறித்தார். கிடைத்த விடை: கிரீனிச்சை விடச் சென்னை சுமார் 5 மணி 21 நிமிஷம் முந்தியது. தீர்க்கரேகை சுமார் 80¼ டிகிரி.

பரங்கிமலை முதல் ரயில் வரை

1802-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே 7½ மைல் நீளத்துக்குக் கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய சர்வே அங்கேதான் பிறந்தது. அந்த அளவைக்கு ஆதார இடமாக இருந்தது நுங்கம்பாக்கம் ஆராய்ச்சி நிலையம்.

பிற்காலத்தில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் சென்னை மணிப்படியே ஓடின. 1906-ல் இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் வந்தது.

கோல்டிங்ஹாம் வேறு பணிகளும் செய்தார். 1794-ல் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய சர்வே பள்ளியை நடத்தினார். அதுவே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802-ல் திறக்கப்பட்ட விருந்து மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. பல தலைவர்களின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட ராஜாஜி மண்டபம் அதுதான்.

1830-ல் அவர் ஓய்வு பெற்றார். 1849-ல் மறைந்தார். பின்னர் தந்தி வந்தது. கிரீனிச் மணியை உடனுக்குடன் கேட்டுச் சரிபார்த்தார்கள். கோல்டிங்ஹாம் கணக்கில் பிசகியது சில விநாடிகளே!

நீங்களும் பார்க்கலாம்

வியாழன் தெரியும் மாதங்களில் தாம்பரத்திலோ மறைமலை நகரிலோ மொட்டை மாடிக்குப் போங்கள். நல்ல பைனாகுலரைச் சுவரில் ஊன்றி, ஆடாமல் பிடித்துப் பாருங்கள். வியாழனுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரியும். அவைதான் அந்த நிலாக்கள். மறுநாளும் பாருங்கள். அவை இடம் மாறியிருக்கும். குழந்தைகளைக் கூப்பிட்டு, ஒரு நோட்டில் அவற்றை வரையச் சொல்லுங்கள்.