எண்களை நேசித்த ஆசிரியர்

கணக்கு என்றதும் கசப்பு மருந்தைக் கண்டாற்போல் முகம் சுளிப்போர் நம்மில் பலர் உண்டு. ஆனால் எண்களையே உற்ற தோழராகக் கொண்டு வாழ்ந்த ஒருவரும் நம் நாட்டில் இருந்தார். அவரே தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர்.

இவர் 1905ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த டஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். புனே பெர்கூசன் கல்லூரியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். மேற்பட்டம் இல்லாத இவரது ஆராய்ச்சியை அறிஞர் பலர் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கினர். அவர் மனம் தளரவில்லை.

1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் அறிவித்த விந்தை இது. நான்கிலக்க எண் ஒன்றை எடுப்போம். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. அவற்றை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்போம். வந்த விடையைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்வோம். ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும்!

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806ஆம் ஆண்டையே எடுத்துப் பார்த்தோம். 8610இல் 0168 போக 8442. தொடர்ந்து 5994, 5355, 1998, 8082, 8532, இறுதியில் 6174. சரியாக ஏழு படிகள்!

கணினி வகுப்பில் வலைப்பக்கம் அமைக்கப் பழகும் நமக்கு இக்கணக்கு நல்லதோர் ஆசான். எதை முதலில் செய்வது, எதைத் திரும்பச் செய்வது, எப்போது நிறுத்துவது என ஒவ்வொன்றையும் கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 6174 வந்ததும் நிறுத்தச் சொல்லாவிட்டால் அது ஓயாமல் கழித்துக்கொண்டே இருக்கும். 1111 போன்ற எண்ணை முதலிலேயே தடுக்க வேண்டும். 999 என விடை வந்தால் அதை 0999 என்று கொள்ளவும் சொல்ல வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் உழைக்கும் நம் தாய்மார் நன்கறிந்த உண்மைதானே இது? வெட்டாத தோலைத் தைக்க முடியுமா? தைக்காத மேல்பாகத்தில் அடியை ஒட்ட முடியுமா?

1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய பின்னரே உலகம் கப்ரேகரைப் பரவலாக அறிந்தது. 1986இல் அவர் மறைந்தார். 6174ஐக் கண்டபோது அவரிடம் கணினி இல்லை. தாளும், எழுதுகோலும், பொறுமையுமே இருந்தன. வீட்டில் கணினி இல்லையே என ஏங்காமல், நாமும் முதலில் தாளில் படிப்படியாகச் சிந்திக்கப் பழகுவோமாக!