டேபிளில் ஒரு தட்டு... மொத்த விவரமும் கையில்! 1945-லேயே இதை யோசித்த வன்னீவர் புஷ் யார்?

ஆபீஸ் டேஷ்போர்டைத் திறக்கிறீர்கள். கிளை வாரியாக விற்பனை டேபிள். எல்லாம் சரியாக இருக்க, ஒரு கிளையில் மட்டும் எண் சட்டென்று இறங்கியிருக்கிறது. ஏன்?

அந்த எண்ணைத் தட்டினால் அதற்குப் பின்னால் இருக்கும் பில்கள் திறக்கும் என்றால், இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். திறக்காது என்றால்? யாருக்கோ மெயில் போட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, பதில் வருவதற்குள் மீட்டிங்கே முடிந்துவிடும். எண் ஓரிடத்தில், அதற்கான ஆதாரம் வேறோரிடத்தில் என்பதுதான் இங்கே சிக்கல்.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்துவிடலாம் என்று, கம்ப்யூட்டர் மேஜைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் வன்னீவர் புஷ். (அமெரிக்க அதிபர்களாக இருந்த இரண்டு புஷ்களுக்கும் இவருக்கும் சொந்தம் எதுவும் இல்லை.)

போதகர் மகன், பொறியாளர் ஆனார்

1890 மார்ச் 11-ம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எவரெட் நகரில் பிறந்தார் புஷ். அப்பா தேவாலயப் போதகர். மகனுக்கோ கணக்கிலும் கருவிகளிலும்தான் ஆர்வம்.

டஃப்ட்ஸ் கல்லூரியில் படிக்கும்போதே நில அளவைக்கு ஒரு கருவி செய்தார். புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவதுபோல தள்ளிக்கொண்டு போனால் போதும், தரையின் மேடு பள்ளத்தை அதுவே தாளில் வரைந்துவிடும். 1912-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், வியாபாரத்தில் எடுபடவில்லை.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 1916-ல் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தன. 1919-ல் எம்.ஐ.டி.யில் ஆசிரியர் ஆனார். 1931-ல் அவரது குழு உருவாக்கிய கணிப்பு இயந்திரம் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. பல்சக்கரங்களும் சுழலும் தண்டுகளும் கொண்டு, கையால் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளை அது தீர்த்துக் கொடுத்தது.

போர் கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. அறிவியலைப் போருக்குப் பயன்படுத்தும் பொறுப்பை அதிபர் ரூஸ்வெல்ட் புஷ்ஷிடம் ஒப்படைத்தார். 1941-ல் தொடங்கிய அறிவியல் ஆராய்ச்சி, மேம்பாட்டு அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். சுமார் 6,000 விஞ்ஞானிகளின் வேலையை அவர் ஒருங்கிணைத்தார். ரேடார், பென்சிலின் உற்பத்தி, தொடக்க கட்டத்தில் அணுகுண்டுத் திட்டம் என எல்லாமே அவர் மேஜையைத் தொட்டுத்தான் போயின.

அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆராய்ச்சி முடிவுகள் மலைபோலக் குவிகின்றன. ஆனால், தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் தாள் கைக்கு வருவதில்லை. கண்டுபிடிக்க முடியாத தகவல் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதற்கு அவர் காட்டிய உதாரணம் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியல் விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் கட்டுரை 1866-லேயே அச்சாகிவிட்டது. ஆனால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் கைக்கு அது போய்ச் சேரவில்லை. 1900-ல்தான் உலகம் அதைத் திரும்பக் கண்டெடுத்தது. நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது.

அட்டவணையில் என்ன குறை?

தகவலை அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்கி வைப்பதுதான் அன்றைய வழக்கம். ஒன்றைத் தேட வேண்டுமா? பெரிய தலைப்பு, அதற்குள் சின்னத் தலைப்பு என்று படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். அதோடு தொடர்புடைய இன்னொன்று வேண்டுமென்றால் வெளியே வந்து, மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும்.

மனித மூளை அப்படி வேலை செய்வதில்லை என்றார் புஷ். ஒன்றை நினைத்தால், அதோடு ஒட்டிய இன்னொன்று தானாக ஞாபகத்துக்கு வரும். இயந்திரமும் அப்படி இருந்தால் என்ன என்று யோசித்தார். இதைப் பற்றி 1930-களின் கடைசியிலேயே எழுதத் தொடங்கியிருந்தார். போர் குறுக்கே வந்துவிட்டது.

கட்டுரை வெளியானது 1945 ஜூலையில், அட்லாண்டிக் மாத இதழில். அதே மாதம் 16-ம் தேதி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதனையை நேரில் பார்த்தவர்களில் புஷ்ஷும் ஒருவர். அழிவுக்கான பெரிய கருவி ஒருபக்கம், அறிவைத் தேடித் தரும் கருவிக்கான வரைபடம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மாதத்தில்.

மெமெக்ஸ்: மேஜைக்குள் ஒரு நூலகம்

கட்டுரையில் அவர் வர்ணித்த இயந்திரத்தின் பெயர் மெமெக்ஸ். பார்க்க ஒரு மேஜை. உள்ளே மைக்ரோஃபிலிமில் புத்தகம், கடிதம், குறிப்பு எல்லாம் இருக்கும். மேலே சாய்வான திரைகள், பக்கத்தில் விசைப் பலகை.

இரண்டு பக்கங்களைத் திரைகளில் அருகருகே கொண்டுவந்து, ஒரு விசையை அழுத்தினால் இரண்டும் இணைந்துவிடும். அந்த இணைப்புக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். பெயர் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற எண் மட்டும் சின்னப் புள்ளிகளாக ஒளிந்திருக்கும். அதை மனிதர் படிக்கத் தேவையில்லை, இயந்திரம் படித்தால் போதும்.

எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதா? இன்று டேஷ்போர்டு டேபிளில் லிங்க் சேர்ப்பதும் இதே முறைதான். ஒவ்வொரு வரிசைக்கும் பில் எண் மாதிரி தனி அடையாளம் இருக்கும். நிறுவனத்தின் பில் பக்க முகவரியோடு அந்த எண்ணை ஒட்டினால், அந்த வரிசைக்கான முழு முகவரி தயார். இதைத் தனி நெடுவரிசையாக வைத்து, இது வெறும் எழுத்து அல்ல, இணைய முகவரி என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட வேண்டும். நீளமான முகவரிக்குப் பதிலாகப் பெயரோ சின்ன ஐகானோ மட்டும் தெரியும்படி வைக்கலாம். பவர் பிஐ, லுக்கர் ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் இதற்கான வசதி இருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. மெமெக்ஸில் இணைப்பு இருவழிப் பாதை. இரண்டு பக்கங்களில் எதைத் திறந்தாலும் மற்றது வரும். இன்றைய லிங்க் ஒருவழிப் பாதை. டேபிளிலிருந்து பில்லுக்குப் போகலாம், ஆனால் எந்த டேபிள் தன்னைக் காட்டுகிறது என்று பில்லுக்குத் தெரியாது. பில் பக்கத்தின் முகவரியை யாராவது மாற்றிவிட்டால், டேபிளில் லிங்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தட்டினால் ஒன்றும் வராது.

அவர் கட்டவில்லை, மற்றவர்கள் கட்டினார்கள்

மெமெக்ஸை யாரும் செய்யவில்லை. புஷ்ஷும் செய்யவில்லை. ஆனால் போர் முடிந்த நேரத்தில், பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் ஓர் இளம் கடற்படை ரேடார் தொழில்நுட்பர் செஞ்சிலுவைச் சங்க நூலகத்தில் இந்தக் கட்டுரையைப் படித்தார். அவர் பெயர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9-ல், சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை வைத்துத் திரையில் லிங்க்கைத் தட்டிக் காட்டியவர் இவர்தான்.

டெட் நெல்சனும் புஷ்ஷின் யோசனையைப் பின்தொடர்ந்தவர். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-ல் அச்சில் கொண்டுவந்தார். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டம் வேர்ல்டு வைடு வெப் ஆனது. அதைப் பார்க்க புஷ் இல்லை. 1974 ஜூன் 28-ம் தேதி, 84-வது வயதில் மாசசூசெட்ஸில் காலமானார்.

யார் இணைப்பது?

அந்தக் கட்டுரையில் புஷ் இன்னொன்றும் சொன்னார். இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. குவிந்து கிடக்கும் ஆவணங்களுக்கு நடுவே, எது எதோடு சேரும் என்று பார்த்துப் பாதை போட்டுக் கொடுக்க ஆட்கள் வேண்டும். அது ஒரு தனித் தொழிலாகவே வரும் என்று எதிர்பார்த்தார்.

மாத இறுதி ரிப்போர்ட்டில் லிங்க் நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பவர் செய்வதும் அந்த வேலையைத்தான். அவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். அந்த டேபிளைத் திறக்கும் ஒவ்வொருவரும், எண்ணை அப்படியே நம்பாமல் தாங்களே சரிபார்த்துக்கொள்ள முடியும்.