பேனாவை நம்பி வாழ்ந்த க்வாஜா அஹ்மத் அப்பாஸ்

ராஜ்கபூர் என்றதும் நம் மூத்தவர்களுக்கு 'ஆவாரா', 'ஸ்ரீ 420' படங்களும் அவற்றின் பாடல்களும் நினைவுக்கு வரும். அப்படங்களின் கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். அவர்தான் க்வாஜா அஹ்மத் அப்பாஸ். எழுத்துத் துறையில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்காக அன்னாரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அப்பாஸ் 1914 ஜூன் 7-ஆம் நாள் பானிபட்டில் பிறந்தார். உருதுக் கவிஞர் மௌலானா ஹாலியின் வழித்தோன்றல். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றும், வழக்கறிஞர் தொழிலை நாடாமல் பம்பாயில் பத்திரிகையாளரானார். படங்களுக்கு விமர்சனம் எழுதிவந்தவர், 1941-ல் 'நயா சன்சார்' மூலம் தாமே திரைக்கதை ஆசிரியரானார். அவர் திரைக்கதையில் பங்குகொண்ட 'நீச்சா நகர்', 1946-ல் கான் படவிழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது.

1951-ல் வந்தது 'ஆவாரா'. திருடன் மகன் திருடனாகத்தான் ஆவான் என்று நம்பும் நீதிபதி. அவர் கைவிட்ட மகனே சேரியில் வளர்ந்து திருடனாகிறான். மனிதனை ஆக்குவது பிறப்பல்ல, வளரும் சூழலே என்பதை அப்பாஸ் பாமரருக்கும் புரியச் சொன்னார். 1973-ல் பெருவெற்றி பெற்ற 'பாபி'யையும் நண்பர் வி. பி. சாத்தேயுடன் சேர்ந்து எழுதினார்.

பிறருக்கு எழுதிய படங்கள் ஓடின. தாமே தயாரித்து இயக்கியவற்றில் பல வசூலாகவில்லை. ஆயினும் அவர் அவற்றைக் கைவிடவில்லை. பம்பாயில் வீடில்லாத தம்பதியரைப் பற்றிய 'ஷெஹர் ஔர் சப்னா' குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. அமிதாப் பச்சனை முதன்முதலில் திரையில் நடிக்கவைத்ததும் அவருடைய 'சாத் ஹிந்துஸ்தானி'தான் (1969).

கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டிய அவரது குறும்படத்தில் சில காட்சிகளை வெட்டச் சொன்னது தணிக்கைத் துறை. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே, வெட்டின்றி அனுமதிக்க அரசு இணங்கியது. தம் காரியம் முடிந்தது என்று அவர் ஒதுங்கவில்லை. எல்லாப் படைப்பாளிகளுக்காகவும் வழக்கைத் தொடர்ந்தார். தணிக்கை செல்லும் என்றே 1970-ல் தீர்ப்பு வந்தது. எனினும், அம்முறையைச் சீர்செய்ய வேண்டியதன் அவசியத்தையும் அவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது.

நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வாரந்தோறும் பத்திரிகையில் 'கடைசிப் பக்கம்' எழுதிவந்த அப்பாஸ், 1987 ஜூன் 1-ல் மறைந்தார்.

பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் இளைய தலைமுறை, பிழைப்புக்காக எழுதினாலும் மனசாட்சியை விற்காத இந்த மனிதரை அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறோம்.